பெருக்கியைக் கழற்றி வையுங்கள்: எஸ்டிஆரில் சிற்றலை இரைச்சலைக் குறைப்பது பற்றி

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருக்கும் நண்பர், ஆர்டிஎல்-எஸ்டிஆர் வி3 டாங்கிளை (எஸ்டிஆர் என்பது பெரும்பாலான வேலையை மென்பொருளே செய்யும் வானொலி வாங்கி, அதாவது ரிசீவர்) மடிக்கணினியில் செருகி, பால்கனியிலிருந்து 6 மீட்டர் கம்பி ஒன்றைக் கட்டி, நடுவில் 20 டெசிபல் பெருக்கியையும் (ஆம்ப்ளிஃபயர்) வைத்துச் சிற்றலை கேட்க முயல்கிறார். பகலில் ஓரளவு கேட்கிறது. விளக்கு வைத்த பிறகு 31 மீட்டர் அலைப்பட்டை முழுவதும் இரைச்சல் (சிற்றலைப் பட்டைகளை அலைநீளத்தால் அழைப்பது வழக்கம்; மீட்டர் குறையக் குறைய அதிர்வெண் கூடும்). போதாததற்கு 2808, 4680 கிலோஹெர்ட்ஸ் என்று எந்த நிலையமும் இருக்க வேண்டாத இடங்களில் உள்ளூர் வானொலியின் நிகழ்ச்சி கேட்கிறது. இன்னும் வலுவான பெருக்கி வாங்குவதா, விலை கூடிய வேறு வாங்கிக்கு மாறுவதா என்று கேட்கிறார்.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். இருக்கிற பெருக்கியையும் இன்றைக்கே கழற்றி வைத்துவிடுங்கள். 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே, வாங்கிக்குள் பிறக்கும் இரைச்சலைவிட ஆண்டெனா வழியாக வந்து சேரும் இரைச்சலே பெரும்பாலும் பெரிது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த கணக்குப்படி, 10 மெகாஹெர்ட்ஸில் மின்சாதனங்கள் எழுப்பும் இரைச்சல், தவிர்க்கவே முடியாத வெப்ப இரைச்சலைக் காட்டிலும் குடியிருப்புப் பகுதியில் ஏறத்தாழ 45 டெசிபல் அதிகம். ஆள் நடமாட்டம் குறைந்த அமைதியான நாட்டுப்புறத்தில் 25 டெசிபல் அதிகம். இடையிலுள்ள 20 டெசிபல் என்பது திறனில் நூறு மடங்கு. அந்தக் கணக்கும் 1970களில் எடுத்த அளவுகளிலிருந்து வந்தது. வீட்டுக்கு இருபது எல்இடி விளக்கும் பத்து அடாப்டரும் வருவதற்கு முந்தைய காலம் அது. இந்த நிலையில் பெருக்கி செய்வதெல்லாம் நிலையத்தையும் இரைச்சலையும் ஒரே அளவில் தூக்கிவிடுவதுதான். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் அப்படியே இருக்கும், நம் காதுக்கு வேண்டியதோ அந்தத் தூரம் மட்டுமே.

இதை ஒரு நிமிடத்தில் நீங்களே சோதிக்கலாம். பெருக்கி இல்லாமல், 31 மீட்டரில் நிலையம் எதுவும் இல்லாத ஓர் இடத்தைப் பார்த்து, திரையில் அடிக்கோடு (நிலையம் இல்லாத இடத்தில் தெரியும் இரைச்சலின் மட்டம்) எந்த டெசிபலில் நிற்கிறது என்று குறித்துக்கொண்டு ஆண்டெனாவைக் கழற்றுங்கள். அடிக்கோடு 6 முதல் 10 டெசிபல் வரை இறங்கினால் வாங்கிக்குத் தேவையான உணர்திறன் இருக்கிறது, அதற்கு மேல் பெருக்குவது வீண். 25 டெசிபல் இறங்கினால் தேவைக்கு மிஞ்சிய சிக்னலை உள்ளே தள்ளுகிறீர்கள். இறங்கவே இல்லையென்றால், ஒன்று வாங்கி உண்மையிலேயே மந்தமாக இருக்கிறது, அல்லது நீங்கள் கேட்கும் இரைச்சல் ஆண்டெனா வழியாக வரவே இல்லை, மடிக்கணினியிலிருந்து யுஎஸ்பி கேபிள் வழியாக வருகிறது. பெருக்கி தேடிப் புறப்படும் பலர் இந்தக் கடைசி வகையினர் என்பது என் அனுபவம்.

இனி அந்த ஆவி நிலையங்களுக்கு வருவோம். திருச்சி வானொலியின் மத்திய அலை 936 கிலோஹெர்ட்ஸ். அதை மூன்றால் பெருக்கினால் 2808, ஐந்தால் பெருக்கினால் 4680. ஆக, நீங்கள் கேட்பது ஒரே ஒலிபரப்பியின் மடங்குகள். வி3 டாங்கிளில் சிற்றலைக்கு நேரடி மாதிரியெடுப்பு முறை பயன்படுகிறது. அதாவது ட்யூனர் சில்லைத் தாண்டி, ஆண்டெனாவில் வருவது அப்படியே, சிக்னலை எண்களாக மாற்றும் 8 பிட் எண்ணாக்கிக்குப் போய்விடுகிறது. ஒரு பிட்டுக்கு 6 டெசிபல் என்று கொண்டால் மிக மெலிந்த சிக்னலுக்கும் மிக வலுவான சிக்னலுக்கும் இடையே மொத்தமே 50 டெசிபல் சொச்சம்தான் இடம். பிறகு மென்பொருள் சில கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு வடிகட்டும்போது இந்த எல்லை கணிசமாக விரியும் என்பது உண்மைதான்; ஆனால் எண்ணாக்கி நிரம்பி வழிந்துவிட்டால் அந்தச் சலுகை கிடையாது. பக்கத்திலிருக்கும் பெரிய மத்திய அலை நிலையம் ஒன்றே அந்த இடத்தை அடைத்துக்கொண்டு, அலையின் தலையும் காலும் வெட்டுப்பட்டு, மடங்குகளாகச் சிதறுகிறது. அதற்கு மேல் 20 டெசிபல் பெருக்கி என்றால் கேட்கவே வேண்டாம். இந்த முறையில் மென்பொருளில் பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் கெய்ன் சறுக்கியை நகர்த்தியும் பயனில்லை, ஏனெனில் அது ஆளும் ட்யூனர் இப்போது பாதையிலேயே இல்லை.

ஒலிபரப்பியே இந்த மடங்குகளை அனுப்புகிறதோ என்ற சந்தேகம் வரலாம். அதற்கு ஒரு சிறு சோதனை உண்டு. இரண்டு 100 ஓம், ஒரு 68 ஓம் மின்தடைகளைக் கொண்டு, 68ஐ வழியிலும் 100களை அதன் இரு முனைகளிலிருந்து தரைக்கும் இணைத்தால் ஏறத்தாழ 10 டெசிபல் குறைப்பான் கிடைக்கும். அதை ஆண்டெனாவுக்கும் டாங்கிளுக்கும் நடுவில் வையுங்கள். காற்றில் உண்மையாகவே இருக்கும் சிக்னல் 10 டெசிபல் குறையும். வாங்கிக்குள் பிறந்த மூன்றாம் மடங்கோ 30 டெசிபல் அளவுக்குக் குப்புற விழும், பெரும்பாலும் காணாமலே போகும். குறைப்பானை வைத்த பிறகு நிலையங்கள் முன்னைவிடத் தெளிவாகக் கேட்பதைப் பார்த்து முதல்முறை வியக்காதவர்கள் குறைவு.

நிரந்தரத் தீர்வு, மத்திய அலையை வாசலிலேயே நிறுத்தும் உயர்கடத்து வடிகட்டி. ஆயத்தமாகவும் கிடைக்கிறது, கையால் செய்வதும் எளிது. ஆண்டெனா பக்கத்திலிருந்து 2.2 நானோஃபாரட் மின்தேக்கி, அதன் மறுமுனையிலிருந்து தரைக்கு 2.2 மைக்ரோஹென்றி சுருள், தொடர்ந்து வழியில் 680 பிக்கோஃபாரட், மறுபடி தரைக்கு 2.2 மைக்ரோஹென்றி, கடைசியாக வழியில் 2.2 நானோஃபாரட். இந்த ஐந்து உறுப்புகளும் சேர்ந்து 2.2 மெகாஹெர்ட்ஸ் அருகில் வெட்டத் தொடங்கி, 936 கிலோஹெர்ட்ஸை 35 டெசிபலுக்கு மேல் தாழ்த்தும். 49 மீட்டரும் அதற்கு மேலுள்ள அதிர்வெண்களும் தடையின்றிக் கடக்கும். இரண்டு சுருள்களையும் ஒட்டி வைக்காமல், ஒன்றுக்கொன்று செங்குத்தாக, சிறிய தகரப் பெட்டிக்குள் வையுங்கள். மத்திய அலையையும் கேட்கும் பழக்கம் இருந்தால் வடிகட்டியைத் தாண்டிச் செல்ல ஒரு ஸ்விட்ச் போதும்.

தென்மாவட்டத்து நேயர்களுக்கு இது இன்னும் கூர்மையான சிக்கல். தூத்துக்குடியின் 1053 கிலோஹெர்ட்ஸ் 200 கிலோவாட். கடலுக்கு அப்பால் இலங்கைப் புத்தளத்தின் 882 கிலோஹெர்ட்ஸ் 400 கிலோவாட். இரண்டும் வலுவாக விழும் இடத்தில் அவற்றின் கூட்டலான 1935இல் இரு நிகழ்ச்சிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டால், புதிய நிலையத்தைப் பிடித்துவிட்டதாக மகிழ்வதற்குமுன் மேலே சொன்ன குறைப்பானைச் செருகிப் பாருங்கள்.

நேரடி மாதிரியெடுப்பில் இன்னொரு மயக்கமும் உண்டு. வி3 நொடிக்கு 2 கோடியே 88 லட்சம் மாதிரிகளை எடுப்பதால் அதன் கண்ணுக்கு எல்லை 14.4 மெகாஹெர்ட்ஸ்; அதற்கு மேலே இருப்பவை கண்ணாடியில் தெரிவதுபோல் கீழே மடங்கித் தெரியும். 15.2 மெகாஹெர்ட்ஸில் இருக்கும் நிலையம் 13.6இலும் கேட்கும். எனவே 22 மீட்டரில் நிலையத்தோடு நிலையம் மோதுவதாகத் தோன்றினால், மோதுவது 19 மீட்டர்காரராக இருக்கக்கூடும். வி4 டாங்கிளில் சிற்றலையை 28.8 மெகாஹெர்ட்ஸ் உயர்த்தி ட்யூனர் வழியாக அனுப்பும் ஏற்பாடு உள்ளேயே இருப்பதால் இந்த மடிப்பு இல்லை, கெய்ன் சறுக்கியும் வேலை செய்யும்.

இதையெல்லாம் செய்தபின் எஞ்சுவதுதான் உண்மையான உள்ளூர் இரைச்சல். அது நம் வீட்டில் பிறக்கிறதா, வெளியிலிருந்து வருகிறதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். மடிக்கணினியைப் பேட்டரியில் ஓட்டிக்கொண்டு, ஒருவர் திரையைப் பார்க்க இன்னொருவர் வீட்டின் எம்சிபிகளை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளட்டும். இன்வெர்ட்டரையும் அணைக்க மறக்காதீர்கள். மெயினை நிறுத்தியதும் அது விழித்துக்கொண்டு, தன் பங்குக்கு ஓர் இரைச்சலைக் கிளப்பும். இதைவிடச் சிறந்த சோதனையை மின்வாரியமே அவ்வப்போது இலவசமாக நடத்துகிறது. பராமரிப்புக்காகப் பகுதி முழுவதும் மின்சாரத்தை நிறுத்தப்போவதாகச் செய்தித்தாளில் வந்ததும், முந்தைய நாள் அதே நேரத்தில் அடிக்கோட்டைக் குறித்து வைத்து, மின்தடை நாளில் மறுபடி குறித்துப் பாருங்கள். தெருவே அணைந்திருக்கும் அந்த நேரத்தில் தெரியும் அடிக்கோடுதான் உங்கள் இடத்தில் எட்டக்கூடிய எல்லை. என் வீட்டில் வித்தியாசம் 17 டெசிபல். அதில் எம்சிபியைத் தள்ளியபோதே 11 போய்விட்டது. ஆக, பெரும்பங்கு குற்றவாளி நான்தான்.

அதிர்வெண்களைக் குறுக்கிலும் நேரத்தை மேலிருந்து கீழாகவும் காட்டும் வாட்டர்ஃபால் திரை இருப்பது எஸ்டிஆர்காரர்களுக்கு வாய்த்த வசதி. பழைய ரேடியோவில் காதால் மட்டுமே தேடியதை இங்கே கண்ணால் அடையாளம் காணலாம். சம இடைவெளியில், 60 அல்லது 70 கிலோஹெர்ட்ஸுக்கு ஒன்றாக, ஓரம் மங்கிய பட்டைகள் செங்குத்தாக நின்று, சூடேறச் சூடேற மெல்ல நகர்ந்தால் அது ஏதோ ஒரு ஸ்விட்ச் மோட் அடாப்டர். இடைவெளிதான் அதன் ஸ்விட்ச் வேகம். பரப்பு முழுவதும் குறுக்காகப் புள்ளிபுள்ளியாக ஓடி, காதில் கொர்ரென்ற 100 ஹெர்ட்ஸ் உறுமலாகக் கேட்டால், நம்முடைய 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒவ்வோர் அரைச்சுற்றிலும் எங்கோ பொறி பறக்கிறது, அல்லது டிரையாக் (ரெகுலேட்டருக்குள் இருக்கும் மின்னணு ஸ்விட்ச்) திறக்கிறது. குமிழைத் தொடர்ச்சியாகத் திருப்பும் மலிவு மின்விசிறி ரெகுலேட்டர்கள் இந்த வகையில் பேர்போனவை. படிப்படியாக மாறும், உள்ளே மின்தேக்கி வைத்த ரெகுலேட்டர்கள் அமைதியானவை; மாற்றுவதற்குச் செலவும் சொற்பம். உறுமல் வெயில் காலத்தில் ஓங்கி, நல்ல மழை பெய்ததும் நின்றுவிட்டால், வீட்டில் தேடுவதை விட்டுவிட்டுத் தெரு மின்கம்பத்தில் தளர்ந்த இணைப்பைச் சந்தேகியுங்கள். அதை நாம் தொடக்கூடாது, புகார்தான் கொடுக்க வேண்டும்.

என்னை மிக நீண்ட நாள் ஏமாற்றியது சமையலறை ஆர்ஓ சுத்திகரிப்பி. ஒரு நாளில் நான்கைந்து முறை, கால் மணி நேரம்போல, 25 மீட்டரில் பட்டைகள் சட்டென்று தடித்து இடம் மாறும், பிறகு ஒல்லியாகிவிடும். நேரத்தைக் குறித்து வைத்தும் ஒழுங்கு பிடிபடவில்லை. ஒருநாள் நான் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மனைவி குடத்தில் தண்ணீர் பிடித்தாள், அடுத்த நிமிடம் பட்டைகள் தடித்தன. தொட்டி நிரம்ப மோட்டார் ஓடும்போதுதான் அந்த அடாப்டருக்குச் சுமை ஏறுகிறது. அதன் வெளியீட்டுக் கம்பியையும் உள்ளீட்டுக் கம்பியையும் தனித்தனி ஃபெரைட் வளையத்தில் (இரும்பு ஆக்சைடு கலந்த பீங்கான் வளையம்) எட்டுச் சுற்று சுற்றியதும் சிக்கல் தீர்ந்தது.

அந்தச் சுற்றுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கம்பியைக் கவ்வும் ஃபெரைட் உருளை ஒன்றை மாட்டிவிட்டு, பயனில்லை என்று கைவிடுபவர்கள் ஏராளம். தடுப்பு, சுற்றுகளின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒருமுறை நுழைப்பதற்கும் பத்து முறை சுற்றுவதற்கும் ஏறத்தாழ நூறு மடங்கு வித்தியாசம். சிற்றலைக்கு 31ஆம் எண் கலவையாலான பெரிய வளையம் நன்றாக வேலை செய்யும். இதைக் கட்டாயம் போட வேண்டிய இடம் ஆண்டெனாவிலிருந்து வரும் கேபிள். கேபிளின் பின்னலுக்கு (நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் உலோக வலை) உட்புறமும் வெளிப்புறமும் இரண்டு தனி வழிகள்போல. உட்புறத்தில் ஆண்டெனாவின் சிக்னல் வருகிறது, வெளிப்புறத்தில் வீட்டு மின்சாரத்தோடு ஒட்டிய இரைச்சல் ஆண்டெனாவை நோக்கி ஏறிப்போய், அங்கிருந்து உட்புறம் வழியாகத் திரும்பி இறங்குகிறது. நீங்கள் ஆண்டெனா என்று நினைப்பது பால்கனிக் கம்பியை மட்டும். உண்மையில் மடிக்கணினி சார்ஜர், கேபிள் பின்னல், கட்டடத்து ஒயரிங் எல்லாமே சேர்ந்துதான் உங்கள் ஆண்டெனா. கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்று வளையம் ஒன்று, ஆண்டெனா அடியில் இன்னொன்று என்று வைத்துவிட்டால் அந்த வழி அடைபடும்.

அதே காரணத்துக்காகத்தான் ஆண்டெனாவின் தரையிணைப்பை வீட்டு மூன்று முள் பிளக்கின் எர்த்தில் கொடுக்காதீர்கள் என்கிறேன். அந்தக் கம்பி கட்டடத்தின் எல்லா அடாப்டர்களின் இரைச்சலையும் சுமந்துகொண்டு நிற்பது. தனி எர்த் கம்பி போட முடியாத மாடி வீட்டில், ஒன்றுக்கொன்று மின்தொடர்பற்ற இரண்டு சுருள்கள் கொண்ட சிறு மின்மாற்றியை ஆண்டெனாவுக்கும் கேபிளுக்கும் நடுவில் வைப்பது நல்லது. சாதனங்களின் எர்த் முள்ளை வெட்டிவிட்டு இரைச்சல் குறைந்ததாகச் சிலர் சொல்வதுண்டு. உயிருக்கு உலை வைக்கும் அந்த வேலை வேண்டாம். டாங்கிளை மடிக்கணினியில் நேராகச் செருகாமல், வளையத்தில் சுற்றிய ஒரு மீட்டர் யுஎஸ்பி கேபிளின் முனையில் வையுங்கள்; கேட்கும் நேரத்தில் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள்.

அடுத்து ஆண்டெனா. பால்கனிக் கிரில்லிலிருந்து தொங்கும் கம்பி, கட்டடத்தின் இரைச்சல் மேகத்துக்குள்ளேயே நிற்கிறது. அதே 6 மீட்டர் கம்பியை, அனுமதி கிடைத்தால், மொட்டை மாடியில் மின்தூக்கி அறையிலிருந்து விலக்கிக் கட்டி, கம்பியைக் கேபிளோடு பொருத்தும் 9:1 மின்மாற்றி வழியாக டிவி கேபிளில் கீழே கொண்டுவருவதே பெரிய முன்னேற்றம். டிவி கேபிள் 75 ஓம் என்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், கேட்பதற்கு அது ஒரு பொருட்டே அல்ல. மாடி கிடைக்காதென்றால் ஒரு மீட்டர் விட்டமுள்ள வளைய ஆண்டெனாதான் என் தேர்வு. செங்குத்தாக நிற்கும் வளையம், தன் தளத்தின் திசையில் நன்றாகக் கேட்கும். அதற்குக் குறுக்கான இரு பக்கமும் அதற்குக் காது மந்தம். நிலையத்தை நோக்கித் திருப்ப முயலாதீர்கள். அயனமண்டலத்தில் (சிற்றலைகளைத் திருப்பி அனுப்பும் மேல்வளிமண்டல அடுக்கு) பட்டுப் பல கோணங்களில் இறங்கும் சிக்னலுக்கு அந்த மந்தப் பக்கம் பெரும்பாலும் மங்கிவிடுகிறது. பக்கத்து வீட்டிலிருந்து நேராக வரும் இரைச்சலுக்கோ அது கூர்மையாக அமையும். ஆகவே அடிக்கோட்டைப் பார்த்துக்கொண்டே மெல்லத் திருப்பி, இரைச்சல் எங்கே குறைகிறதோ அங்கே நிறுத்துங்கள்.

ஒவ்வொரு மாற்றத்தையும் சிக்னலின் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரைப் பார்த்து மதிப்பிடாதீர்கள். வளையத்தில் முள் தாழ்ந்தும் பேச்சு தெளிந்தும் இருப்பது சாதாரணம். சீனாவின் பிபிஎம் நேரக்குறி நிலையம்போல நிலையான ஒன்றை 10 மெகாஹெர்ட்ஸில் பிடித்து, அதன் உச்சிக்கும் அடிக்கோட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சில நிமிடச் சராசரியாக எழுதி வையுங்கள். நிலையம் காற்றில் இருக்கிறதா என்றே ஐயமிருந்தால், இணையத்தில் யாரும் கேட்கும்படி திறந்திருக்கும் கிவிஎஸ்டிஆர் வாங்கி ஒன்றில் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

மென்பொருளை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். உள்ளே வந்துவிட்ட இரைச்சலிலிருந்து பேச்சைப் பிரிப்பது, வராமல் தடுப்பதற்கு ஒருபோதும் ஈடாகாது. ஆனாலும் இரண்டு கருவிகள் மதிப்புள்ளவை. ஒன்று நாய்ஸ் பிளாங்கர். 100 ஹெர்ட்ஸ் உறுமல்போன்ற துடிப்பு இரைச்சலில் ஒவ்வொரு துடிப்பும் மிகக் குறுகியது. அந்த நொடித்துளியை மட்டும் வெட்டிவிட்டால் காது அதைக் கவனிப்பதில்லை. குறுகிய வடிகட்டியைக் கடந்துவிட்டால் துடிப்பு நீண்டு அகன்றுவிடும் என்பதால், அகன்ற பட்டையில் இருக்கும்போதே வெட்ட வேண்டும். எஸ்டிஆருக்கு அது இயல்பாகவே அமைகிறது. எவ்வளவு பெரிய துடிப்பை வெட்டுவது என்று சொல்லும் வாசலளவை அதிகம் இறுக்கினால் பக்கத்து வலுவான நிலையங்களையும் வெட்டிக் கரகரப்பை உண்டாக்கும், அதனால் உறுமல் மறையத் தொடங்கும் இடத்திலேயே நிறுத்துங்கள். மற்றொன்று ஒத்தியங்கு ஏஎம் கண்டறிதல். நிலையத்தின் ஊர்தியலை (ஒலியைச் சுமந்துவரும் அடிப்படை அலை) மங்கும்போது வரும் சிதைவை அது தடுக்கும். ஊர்தியலைக்கு இருபுறமும் ஒரே ஒலியைத் தாங்கி நிற்கும் மேல், கீழ் பக்கப்பட்டைகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கவும் விடும். சிற்றலையில் நிலையங்கள் 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்பதால், கீழேயிருந்து ஒருவர் இடித்தால் மேல் பக்கப்பட்டைக்கு மாறிவிடலாம். இரைச்சல் குறைப்பு என்று பெயரிட்ட பொத்தானை நான் கொஞ்சமாகவே பயன்படுத்துகிறேன். அதிகமானால் அறிவிப்பாளர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும்.

இவ்வளவும் முடிந்த பிறகும் வலுவான நிலையங்களுக்கு நடுவில் மெலிந்தவை நசுங்கினால் அப்போது 14 பிட் வாங்கிக்குப் போகலாம். அதன் 86 டெசிபல் இடம் அங்கே கைகொடுக்கும்.

எவ்வளவு செய்தாலும் நம் கையில் இல்லாத இரைச்சலும் உண்டு. சித்திரை, வைகாசி மாலைகளிலும் ஐப்பசி மழையிலும் 60, 49 மீட்டர்களில் வெடிவெடியாகக் கேட்பது எங்கோ இடிக்கும் மின்னல்; அதற்கு 25, 19 மீட்டர்களுக்கு ஏறிப்போவதே வழி. இடி நம் தலைக்கு மேலேயே வந்துவிட்டால் ஆண்டெனாவைக் கழற்றிவிடுங்கள். மாலை ஏழு மணிக்குமேல், குறிப்பாகப் பங்குனி, புரட்டாசி வாக்கில், நிலையம் வலுவாக இருந்தும் குரல் மின்விசிறிக்குப் பின்னாலிருந்து பேசுவதுபோல் படபடத்தால் அடாப்டரைத் தேடி அலைய வேண்டாம். பூமியின் காந்த நிலநடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்வதால் (திருவனந்தபுரம் அருகே தும்பாவில் 1963இல் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கும் அதுவே காரணம்) சூரியன் மறைந்தபின் நம் தலைக்கு மேலுள்ள அயனமண்டலம் குமிழ்குமிழாகக் குலைகிறது. அந்தப் படபடப்பு பெரும்பாலும் நள்ளிரவை ஒட்டித் தானாகவே அடங்கும்.